டர்பனில் வீடு: அரசுச் சலுகை எங்கே சேர்கிறது, எங்கே சிக்குகிறது

வீட்டுச் சந்தை படுத்துவிட்டது என்று பேச்சு எழுந்தால் தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் மூன்று மருந்துகள்தான் நினைவுக்கு வரும்: ரிசர்வ் வங்கியின் வட்டி, வரித்துறையான சார்ஸ் வசூலிக்கும் டிரான்ஸ்ஃபர் டூட்டி (சொத்துக் கைமாற்ற வரி), முதல் வீடு வாங்குவோருக்கான மானியம். ரிசர்வ் வங்கி தன்னாட்சி அமைப்பு, அதை அரசோடு சேர்க்கக் கூடாது என்று சிலர் திருத்துவார்கள். சரிதான். மாதாமாதம் பாண்ட் (வீட்டுக் கடன்) கட்டுகிறவருக்கு அந்த வேறுபாட்டால் ஆவது ஒன்றுமில்லை.

இந்த மூன்றும் ஒரே ஆளைச் சேர்வதில்லை. வட்டிக் குறைப்பு கடன் வாங்கத் தகுதியுள்ள எல்லோருக்கும் போகிறது. டூட்டித் தளர்வு விலை கூடிய வீட்டுக்குக் கூடுதலாகப் போகிறது. மானியம் குறைந்த வருமானக்காரருக்கானது, ஆனால் அவர்களில் பலர் அதைக் கேட்பதே இல்லை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பக்கம் விற்க முடியாமல் கிடக்கும் பல வீடுகளோ இந்த மூன்றில் எதற்கும் எட்டுவதில்லை. காரணம் பத்திரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வட்டி. 2020 ஜூலையில் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 3.5 சதவீதம். வங்கிகள் தங்கள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் ரெப்போவுக்கு மேல் 3.5 புள்ளி, ஆகவே அப்போது 7. 2021 நவம்பரில் ஏறத் தொடங்கி 2023 மே மாதம் ரெப்போ 8.25, பிரைம் 11.75 வரை போனது. 2024 செப்டம்பரில் இறக்கம் ஆரம்பித்து 2025 நவம்பரில் ரெப்போ 6.75, பிரைம் 10.25 ஆனது. 9 லட்சம் ராண்ட் கடன், 20 ஆண்டு, பிரைம் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 7 சதவீதத்தில் சுமார் 6,980 ராண்ட், 11.75-இல் 9,750, 10.25-இல் 8,835. இங்கே பாண்ட் வட்டி பொதுவாக மாறும் வட்டிதான். நிலையான வட்டி கேட்டால் கூடுதல் விகிதம் போட்டுத்தான் தருவார்கள். 2020இல் 7 சதவீதத்தில் கணக்குப் போட்டு வீடு வாங்கியவர்கள் மூன்றே ஆண்டில் எப்படித் திணறினார்கள் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

வாங்கப்போகிறவர் இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். குடும்ப வருமானம் மாதம் 22,000 ராண்ட் என்று கொள்வோம். மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது வங்கிகளின் பொதுவான அளவுகோல், அதாவது 6,600. பிரைம் 11.75 என்றால் அந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் 6 லட்சத்து 9 ஆயிரம். 10.25 என்றால் 6 லட்சத்து 72 ஆயிரம். ஒன்றரைப் புள்ளி இறங்கியதில் வாங்கும் சக்தி 63 ஆயிரம் ராண்ட் கூடுகிறது. இதே வருமானக்காரருக்குக் கிடைக்கும் மானியம், கீழே பார்க்கப்போவதுபோல், அதைவிடக் குறைவு. சந்தையை நகர்த்துவது வட்டிதான் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் இறங்கிய வட்டி ஏறவும் செய்யும். அந்த 6.72 லட்சம் கடனுக்குப் பிரைம் மறுபடி 11.75 ஆனால் தவணை 7,280 சொச்சம். அந்தத் தொகையைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் வட்டி இறங்கியதும் வங்கி தவணையைக் குறைப்பதை அப்படியே விட்டுவிடாமல், பழைய தவணையையே கட்டலாம். மேலே சொன்ன 9 லட்சத்துக்கு 10.25 வட்டியில் 9,750 கட்டிவந்தால் 20 ஆண்டுக் கடன் 15 ஆண்டு சொச்சத்தில் தீர்ந்துவிடும். அரசு தரும் எந்தச் சலுகையும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது.

டிரான்ஸ்ஃபர் டூட்டி பற்றி நாளிதழ்கள் பட்ஜெட் தோறும் பெரிதாக எழுதும். 2020இல் வரம்பு 9 லட்சத்திலிருந்து 10 லட்சமானது, 2023இல் 11 லட்சம், 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம். அதுவரை டூட்டி இல்லை. அதற்கு மேல் 16,63,800 வரை 3 சதவீதம், பிறகு 23,29,300 வரை 6, பிறகு 29,94,800 வரை 8, அடுத்து 11, கடைசியாக 1 கோடியே 33 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல் 13 சதவீதம். 2025 மாற்றத்தால் யாருக்கு எவ்வளவு மிச்சம்? 9 லட்சம் ராண்ட் வீட்டுக்குச் சுழியம், ஏனென்றால் முன்பும் டூட்டி இல்லை. 15 லட்சத்துக்கு 12,000 இருந்தது 8,700 ஆனது, மிச்சம் 3,300. 20 லட்சத்துக்கு 7,800 சொச்சம். 30 லட்சத்துக்கு 20,000க்கு மேல். படுத்த சந்தையைத் தூக்கிவிடும் நடவடிக்கை என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பணவீக்கத்துக்கு ஏற்ப வரம்பை நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

டூட்டி இல்லை என்றால் செலவே இல்லை என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. பத்திரம் மாற்றும் வழக்கறிஞரான கன்வேயன்சரின் கட்டணம், பாண்ட் பதிவுக் கட்டணம், பத்திரப் பதிவகமான டீட்ஸ் ஆபீஸின் கட்டணம் எல்லாம் தனி, அவற்றுக்கு விலக்கு கிடையாது. டெவலப்பரிடம் புது வீடு வாங்கினால் டூட்டி இருக்காது, ஆனால் விலைக்குள் 15 சதவீத வாட் உட்கார்ந்திருக்கும். டூட்டியைக் கட்ட ஆறு மாத அவகாசம், அது ஒப்பந்தக் கையெழுத்து நாளிலிருந்து ஓடுகிறது. பாண்ட் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று நிபந்தனை போட்டிருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. தாண்டினால் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. இறந்தவர் பெயரிலுள்ள வீட்டை வாங்கும்போது இந்த ஆறு மாதம் வெகு எளிதில் கடந்துபோகும்.

இனி மானியம். முன்பு ஃபிளிஸ்ப் என்றார்கள், இப்போது ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ். தேசிய வீட்டுவசதி நிதிக் கழகம் நடத்துகிறது. குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ராண்ட் வரை இருக்க வேண்டும். 2023இல் திருத்திய அளவில், ஆகக் குறைந்த வருமானத்துக்கு 1,69,265 ராண்ட், ஆக உயர்ந்த வருமானத்துக்கு 38,911 ராண்ட். வருமானம் ஏற ஏறத் தொகை படிப்படியாக இறங்கும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 22,000 என்ற மேல்வரம்பு 2018இல் வைத்தது. சம்பளமும் விலையும் அதற்குப் பிறகு எங்கோ போய்விட்டதால், கணவனும் மனைவியும் சுமாரான வேலையில் இருந்தாலே வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். அரசு உண்மையிலேயே சந்தையின் அடித்தட்டைத் தூக்க நினைத்தால் டூட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும்.

தகுதி: குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை, 18 வயது, முதல் வீடு, இதற்கு முன் அரசு வீட்டு மானியம் பெற்றிருக்கக் கூடாது. திருமணமானவராகவோ சேர்ந்து வாழ்பவராகவோ இருக்க வேண்டும், அல்லது தனி ஆளாக இருந்தால் தன்னை நம்பி வாழ்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். முதலில் வங்கி பாண்ட் இருந்தால்தான் கிடைக்கும் என்றிருந்தது. இப்போது ஓய்வூதிய நிதியை ஈடாக வைத்து வாங்கும் கடன் போன்ற வழிகளுக்கும் விரித்திருக்கிறார்கள். பணம் உங்கள் கைக்கு வராது. முன்பணமாகக் கடனிலிருந்து கழியும், அல்லது வங்கி ஒப்புக்கொண்ட தொகைக்கும் வீட்டு விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும், அல்லது வழக்கறிஞர் கட்டணத்துக்குப் போகும்.

வேலையின் ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடன் அறிக்கையை எடுத்து, தீர்ந்த பழைய கணக்குகள் நிலுவை என்று காட்டினால் திருத்துங்கள். பிறகு வங்கியிடம் தகுதிக் கடிதம். அடுத்து விற்பனை ஒப்பந்தம். வங்கியின் ஒப்புதல் கடிதம் வந்த அன்றே அடையாள அட்டை நகல், திருமணச் சான்று அல்லது விவாகரத்து ஆணை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, விற்பனை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பம். பதிவு முடிந்த பின் மானியம் கேட்டு அலைவது வீண் பாடு. விற்பனை ஒப்பந்தத்தில் பாண்டுக்கு ஒரு கெடு, மானியத்துக்குத் தனிக் கெடு என்று இரண்டு நிபந்தனைகளாக எழுதச் சொல்லுங்கள். பாண்ட் நிபந்தனை மட்டும் இருந்து வங்கி ஒப்புக்கொண்டுவிட்டால் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். மானியம் வராவிட்டால் அந்தத் துண்டுத் தொகையை நீங்கள்தான் தேட வேண்டும்.

விண்ணப்பம் விழுவதற்கு வழக்கமான காரணங்கள் சில. துணைவரின் பெயர் எப்போதோ போட்ட அரசு வீட்டு மனுவின் வழியாக மானியப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஓவர்டைம் சேர்ந்த ஒரு மாதச் சீட்டு 22,000ஐத் தாண்டியிருக்கும். தாத்தா வீட்டில் பங்குதாரராக உங்கள் பெயர் பத்திரத்தில் ஏறியிருக்கும், அப்போது நீங்கள் முதல் வீடு வாங்குபவர் அல்ல. புது வீடு கட்டுவதானால் கட்டுநர் என்எச்பிஆர்சி (வீடு கட்டுநர் பதிவுக் கழகம்) பதிவு பெற்றவரா, வீட்டையும் அதில் பதிந்தாரா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவுதான் கட்டமைப்புக்கு ஐந்தாண்டு, கூரை ஒழுகலுக்கு ஓராண்டு, சில்லறைக் குறைகளுக்கு மூன்று மாதம் என்ற உத்தரவாதத்தைத் தருகிறது.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும், 1976 முதல் பீனிக்ஸுக்கும் போயின. நகராட்சி கட்டிய வீடுகளில் வாடகைக்கு இருந்து, தவணையில் வாங்கி, பிறகு பத்திரம் பெற்றவர்கள் அந்தத் தலைமுறை. இன்று பேரப்பிள்ளைகள் வசிக்கும் வீட்டின் பத்திரம் இன்னமும் பாட்டன் பெயரில். இறந்தவர் பெயரில் பத்திரம் இருக்கும்வரை பாண்ட் கிடையாது, மானியம் கிடையாது, முறையான விற்பனை கிடையாது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதுதான் நடக்கிறது. அப்படி வாங்கியவர் சட்டப்படி எதற்கும் உரிமையாளர் அல்ல. அசையாச் சொத்தின் உரிமை டீட்ஸ் ஆபீஸில் பதிந்தால்தான் மாறும். டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்துக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

தீர்வு, இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தொடங்குகிறது. இறப்பை 14 நாளில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், 20 ஆண்டு கழித்துப் போனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் அதிகாரக் கடிதம் ஒன்றோடு சுருக்கமாக முடியும். ஆனால் இன்றைய விலையில் அந்தப் பேட்டைகளில் வீடு மட்டுமே அதைத் தாண்டிவிடும், ஆகவே சொத்தைத் தீர்த்துப் பிரித்துத் தரும் எக்ஸிக்யூட்டர் ஒருவரின் நியமனம் தேவை. அவர் அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரர்களுக்கு 30 நாள் விளம்பரம் கொடுத்து, கணக்கை மாஸ்டரிடம் தாக்கல் செய்து, அது 21 நாள் பொதுப்பார்வைக்குக் கிடந்து, ஆட்சேபம் இல்லை என்றான பிறகு பத்திர மாற்றம். எக்ஸிக்யூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம். 8 லட்சம் ராண்ட் வீட்டுக்கு 28,000. இது பேசிக் குறைக்கக்கூடிய தொகை, பலர் கேட்பதே இல்லை. வாரிசாகப் பெறும் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டூட்டி கிடையாது.

உயில் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு? துணைவருக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது. 8 லட்சம் சொத்து, மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் நான்கு பங்கு போட்டால் தலைக்கு 2 லட்சம். அது 2.5 லட்சத்துக்குக் குறைவு. ஆகவே மனைவிக்கு 2.5 லட்சம், மீதி 5.5 லட்சம் பிள்ளைகள் மூவருக்கும் தலா 1,83,333. நம் குடும்பங்களில் மூத்த தலைமுறை பலர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த விதவைக்குப் பங்கு இல்லை என்று முன்பு தள்ளிவிட்டார்கள். ஒருதார இந்துத் திருமணத்தில் உயிரோடிருக்கும் துணைவரும் உயிலில்லாச் சொத்துக்கான வாரிசுரிமைச் சட்டத்தின்படி துணைவரே என்று 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் நடந்த கோயிலின் கடிதம், நேரில் பார்த்த உறவினரின் சத்தியக் கடுதாசி, பழைய அழைப்பிதழ் எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தருவதானால், சொத்து மாஸ்டரிடம் இருக்கும்போதே மறுபங்கீட்டு ஒப்பந்தமாக எழுதிவிடுவது நல்லது. ஐந்து பேர் பெயரிலும் பத்திரத்தை ஏற்றிவிட்டுப் பிறகு பிரிக்கப் போனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு ஊர் அலைய வேண்டும்.

இதில் நமக்கென்றே உள்ள ஒரு முடிச்சு பெயர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தந்தை பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயராகும், இன்னொன்றில் சாதிப் பட்டம் குடும்பப் பெயராகும். பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, இறப்புச் சான்றில் ஒன்று என்றால் டீட்ஸ் ஆபீஸ் திருப்பி அனுப்பும். 1937ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டம் 4(1)(ஆ) பிரிவின்படி பெயர்ப் பிழையைத் திருத்த கன்வேயன்சர் விண்ணப்பிக்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்பதற்கு உள்துறையின் சான்றும் சத்தியக் கடுதாசியும் வேண்டும். விலைப்பலகை வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வாங்குபவர் வந்த பிறகு தொடங்கினால் அவருடைய பாண்ட் ஒப்புதல் காலாவதியாகிவிடும்.

பத்திரம் சரியாக இருந்தாலும் இன்னொரு தடை வரைபடம். பிள்ளைக்குக் கல்யாணம் என்று பின்பக்கம் ஓர் அவுட்ஹவுஸ், மேலே ஒரு மாடி, முன்னால் கார் நிறுத்தக் கூரை என்று கட்டியவற்றுக்கு எதெக்வினி (டர்பன்) நகராட்சியின் அனுமதி வரைபடம் இருக்காது. வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், அல்லது வரைபடம் வந்தால்தான் கடன் என்று வங்கி நிபந்தனை போடலாம். பதிவு பெற்ற வரைவாளரைக் கொண்டு இருக்கும் கட்டடத்துக்கு வரைபடம் போட்டு நகராட்சியில் தாக்கல் செய்ய வேண்டும். எல்லைச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலும் கேட்பார்கள். இதைத் தேநீர் கொடுத்துக் கேட்டு வாங்குவது விற்பதற்கு முன் எளிது, சண்டைக்குப் பின் இயலாது.

நகராட்சிப் பாக்கி இல்லை என்ற ரேட்ஸ் கிளியரன்ஸ் சான்று இல்லாமல் எந்த வீடும் கைமாறாது. 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் 118ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டாண்டு நிலுவை கட்டப்பட வேண்டும். சான்று 60 நாள்தான் செல்லும், தாமதமானால் மறுபடி காசு. அதற்கும் பழைய பாக்கியைப் புது உரிமையாளர் தலையில் கட்ட முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்த்துவைத்தது. அப்படியும் பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுக் கணக்கு என்று கவுண்டரில் சொன்னால், தீர்ப்பைச் சுட்டிக் கன்வேயன்சர் மூலம் எழுத்தில் கேளுங்கள். தண்ணீர் மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட பில்கள்தான் பெரும்பாலான தகராறுக்கு மூலம். விற்க நினைத்த நாளிலிருந்து மாதாமாதம் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துச் செல்லப்பட்டு ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் வாழ்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் டூட்டி வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் வாங்குபவர் வரமாட்டார். சந்தையைத் தாங்கும் கொள்கை என்று பட்டியல் போடுகிறவர்கள் குழாயை அதில் சேர்ப்பதே இல்லை.

தவணை தவறியவர்களுக்கு: தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி வங்கியின் அறிவிப்பு வந்தால் பத்து வேலைநாள் இருக்கிறது. அதற்குள் வங்கியிடம் எழுத்தில் பேசுங்கள், அல்லது கடன் ஆலோசகரிடம் போங்கள். நிலுவையையும் உரிய செலவையும் கட்டிவிட்டால் ஒப்பந்தம் மீண்டும் உயிர்பெறும் என்று 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017 டிசம்பரில் உயர்நீதிமன்ற நடைமுறை விதிகளில் வந்த 46ஏ விதி, குடியிருக்கும் வீட்டை ஏலம் விடுவதானால் குறைந்தபட்ச விலை வைப்பதை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்கிறது. முன்பு வீடுகள் அற்ப விலைக்குப் போனதும், அதற்குப் பின்னும் கடன் பாக்கி நின்றதும் நடந்தது. ஏலத்துக்குப் போவதற்கு முன் நீங்களே விற்றால் எப்போதும் கூடுதல் கிடைக்கும். விற்பதென்று முடிவு செய்த அன்றே பாண்டை முடிக்கும் 90 நாள் அறிவிப்பை வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாத வட்டி வரை அபராதமாகப் பிடிப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வீடு வாங்கத் தடையில்லை, ஆனால் நிரந்தர வசிப்புரிமை இல்லாமல் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் கிடைக்காது. இங்கே வசிக்காதவராகக் கணக்கிடப்படுவோருக்கு உள்ளூர்க் கடன் பொதுவாக விலையில் பாதிதான், மீதியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பணத்துக்கான வங்கி ஆவணத்தைப் பத்திரப்படுத்தி, பத்திரத்தில் வசிக்காதவர் என்ற குறிப்பையும் போட்டுவைத்தால்தான் விற்ற பணத்தைத் திரும்ப எடுத்துப்போவது சிக்கலில்லாமல் நடக்கும். ஊருக்கே திரும்பிப் போன பின் 20 லட்சம் ராண்டுக்கு மேல் விற்றால், வாங்குபவர் விலையில் 7.5 சதவீதத்தைப் பிடித்து சார்ஸுக்குக் கட்டுவார். உண்மையான வரி அதைவிடக் குறையும் என்று தெரிந்தால், பதிவுக்கு முன்பே சார்ஸிடம் குறைந்த விகித ஆணைக்கு விண்ணப்பிக்கலாம்.